உபாத்தியாயர் யார்? எதற்காக வந்தார்?

நமது நாட்டில் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கட்டடத்தைப் பற்றிப் பேசுவார்கள். பாடப் புஸ்தகத்தைப் பற்றிப் பேசுவார்கள். எந்தப் பாஷையில் சொல்லிக் கொடுப்பது என்பதற்காகச் சண்டை போடுவார்கள். நூற்றுக்கு எத்தனை பேர் தேறினார்கள் என்று கணக்குப் பார்ப்பார்கள். ஆனால் அந்தக் கட்டடத்திற்குள் நம் பிள்ளைகளுக்கு எதிரில் நாள் முழுதும் நிற்கிற மனிதர் யார், எந்த வீட்டிலிருந்து வந்தவர், எதற்காக அந்த வேலைக்கு வந்தார் என்பதைப் பற்றி மாத்திரம் யாரும் வாய் திறப்பதில்லை. கேட்டால், “குருவைப் பற்றி அப்படியெல்லாம் கேட்கலாமா?” என்று வாயை அடைத்துவிடுவார்கள்.

நம் கொங்கு நாட்டுக் குடியானவன் அந்தியூர்ச் சந்தையிலோ கண்ணபுரம் சந்தையிலோ ஒரு காங்கயம் காளை வாங்குவதானால், பல்லைப் பிடித்துப் பார்ப்பான், நடக்கவிட்டுப் பார்ப்பான், எந்தப் பட்டியில் வளர்ந்தது என்று விசாரிப்பான், சுழியும் பார்ப்பான். சுழி பார்ப்பது மூடத்தனம். மற்றதெல்லாம் புத்திசாலித்தனம். ஆனால் பெற்ற பிள்ளையை ஒருவரிடம் ஒப்படைக்கும்போது மாத்திரம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. மாட்டுக்கு உள்ள கவலை மனிதக் குழந்தைக்கு இல்லையா என்று நாம் கேட்கிறோம்.

மாதா, பிதா, குரு, தெய்வம் என்று ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையில் மூன்றாவது இடத்தில் இருப்பவரின் யோக்கியதை என்ன என்பதை அவர்களுடைய பாரதக் கதையிலேயே பார்க்கலாம். துரோணன் என்கிற குரு, ஏகலைவன் என்கிற வேடப் பையனுக்கு ஒரு நாளாவது வில்லைத் தொட்டுச் சொல்லிக் கொடுத்ததில்லை. சொல்லிக் கொடுக்காத வித்தைக்குத் தக்ஷணை என்று பையனின் கட்டை விரலை வாங்கிக் கொண்டான். காரணம் என்ன? அவன் உண்டு உடுத்தி வந்தது அரண்மனையில்; அரண்மனைப் பிள்ளைக்கு ஒரு காட்டுப் பையன் போட்டியாக வரக்கூடாது. அந்தத் துரோணன் பெயரால் இந்திய சர்க்கார் 1985ஆம் வருஷம் முதல் விளையாட்டுப் பயிற்சியாளர்களுக்குப் பரிசும் கொடுத்து வருகிறது! குருவின் ஜாதியும், அவர் யாரிடம் சோறு தின்கிறார் என்பதும் பிள்ளையின் விரலைப் பாதிக்கும் என்பதற்கு அவர்கள் கதையே சாக்ஷியாக இருக்கும்போது, அதைப் பற்றிப் பேசக்கூடாது என்பது என்ன நியாயம்?

நிற்க. கோயமுத்தூர் ஜில்லாவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வந்த கதையைக் கொஞ்சம் பார்ப்போம். லண்டன் மிஷன் பாதிரிமார்கள் 1830ஐ ஒட்டி வந்து பள்ளிக்கூடம் வைத்தார்கள். 1862ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்கிற வெள்ளைக்காரர் ஒன்று வைத்தார். 1924ல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. குடும்பத்தார் ‘சர்வஜன’ என்கிற பெயரிலேயே ஒன்று ஏற்படுத்தினார்கள். 1930ல் தி.சு. அவினாசிலிங்கம் வித்தியாலயத்தை ஆரம்பித்தார். நம் நாட்டார் கொடுத்த பணத்தில் பெரும் பாகம் பஞ்சிலும் மண்ணிலும் பாடுபட்ட பார்ப்பனரல்லாதார் பணம். ஆனால் உள்ளே நின்று சொல்லிக் கொடுக்கத் தகுதி பெற்றிருந்தவர்கள் யார்? 1918ஆம் வருஷத்தில் சென்னை மாகாணத்தில் உபாத்தியாயப் பட்டம் பெற்றவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் பார்ப்பனர்கள். ஜனத்தொகையிலோ அவர்கள் நூற்றுக்கு மூன்று பேர். உழவன் மகனும், நெசவாளி மகனும், சக்கிலியன் என்று இழித்துப் பேசப்பட்டவன் மகனும் பள்ளிக்கூட வாசலை மிதித்தபோது, அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் தன் வீட்டுத் திண்ணையில்கூட அவனை உட்கார விடாத ஒருவர். அவர் நல்லவராகவே இருக்கட்டும். இந்தப் பையனுடைய அப்பன் பேச்சையும், வீட்டுச் சோற்றையும், உடம்பின் வாடையையும் கேவலம் என்று நினைக்கும்படியே அவர் வளர்க்கப்பட்டிருந்தார். அந்த நினைப்பு பாடத்தோடு பாடமாகப் பையன் தலையில் ஏறாமல் இருக்குமா?

இதற்காகத்தான் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கேட்கப்பட்டது. 1921ல் நீதிக் கட்சி சர்க்கார் உத்தரவு போட்டது. அது ஏட்டுச் சுரைக்காயாய்க் கிடந்து, மந்திரி எஸ். முத்தையா முதலியார் முயற்சியால் 1928ல்தான் நடைமுறைக்கு வந்தது. அது செல்லாதென்று 1951ல் சுப்ரீம் கோர்ட் சொன்னதும், தென்னாட்டில் எழுந்த கிளர்ச்சியின் பயனாக அதே வருஷத்தில் அரசியல் சட்டமே முதல் தடவையாகத் திருத்தப்பட்டதும் நம் தோழர்கள் அறிந்ததேயாகும். அதற்குப் பின்னும் 1953ல் ராஜகோபாலாச்சாரியார், கிராமத்துப் பிள்ளைகள் பாதி நேரம் படித்தால் போதும், மீதி நேரம் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக் கல்வி என்று ஜனங்கள் அதற்குச் சரியான பெயர் வைத்தார்கள். 1954ல் காமராஜர் முதன் மந்திரியானவுடன் அது கைவிடப்பட்டது. கைவிடப்பட்டதாக அறிவித்த கல்வி மந்திரி நம் பொள்ளாச்சிப் பக்கத்தவரான சி. சுப்பிரமணியம். அதே வருஷத்தில் கல்வி இலாகாவின் தலைமை உத்தியோகத்திற்கு வந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் வந்தது. 1956 முதல் மதியச் சோறு வந்தது. பள்ளிக்கூடம் வந்ததால் உபாத்தியாயர் வேலையும் வந்தது.

அந்த வேலைக்கு வந்தவர்கள் யார்? தறிக் குழியில் பிறந்து வளர்ந்தவர்கள். கவலை ஏற்றத்தில் மாடு ஓட்டியவர்கள். பனையேறி வீட்டுப் பிள்ளைகள். சேரியிலிருந்து முதன்முதலாக எஸ்.எஸ்.எல்.ஸி. தேறியவர்கள். தான் பட்ட அடியும் அவமானமும் மறக்காத உபாத்தியாயர்கள் அநேகர், ஆடு மேய்த்த பிள்ளையை வீட்டுக்குப் போய் அழைத்து வந்தார்கள். பரீக்ஷைப் பணம் கட்ட முடியாதவனுக்குத் தங்கள் சம்பளத்திலிருந்து கட்டினார்கள். இன்றைக்குக் கோயமுத்தூரிலும், ஈரோட்டிலும், திருப்பூரிலும் டாக்டர், எஞ்சினீயர் என்று இருக்கிறவர்களைக் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் இப்படிப்பட்ட ஒரு வாத்தியார் பெயரைச் சொல்லுவார்கள். அவர்களுக்கு நாடு கடன்பட்டிருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் நாம் யோக்கியர்களாக மாட்டோம்.

ஆனால் கதை இத்துடன் முடிந்துவிட்டதா என்றால், இல்லை என்றே வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது. பார்ப்பான் இருந்த நாற்காலியில் பார்ப்பனரல்லாதான் உட்கார வேண்டும் என்று நாம் கேட்டது, அவன் புத்தியையும் சேர்த்து எடுத்துக் கொண்டு உட்காருவதற்காக அல்ல. மேலே இருக்கிறவன் தன்னை மிதிக்கக்கூடாது, தனக்குக் கீழே மிதிப்பதற்கு ஒருவன் வேண்டும் என்பதற்கு சுயமரியாதை என்று பெயரில்லை.

2018 ஜூலையில் நடந்ததைப் பாருங்கள். திருப்பூர் ஜில்லா, அவிநாசிக்குப் பக்கத்தில் திருமலைக்கவுண்டம்பாளையம் சர்க்கார் பள்ளிக்கூடத்திற்குச் சத்துணவு சமைக்க ஓர் அருந்ததியப் பெண்மணி வந்தார். அவர் கை பட்ட சோற்றை எங்கள் பிள்ளைகள் தின்னக்கூடாது என்று ஊர் மேல்ஜாதிக்காரர்கள் எதிர்த்தார்கள். அதிகாரிகள் என்ன செய்தார்கள்? எதிர்த்தவர்களைத் தட்டிக் கேட்பதற்குப் பதிலாக அந்த அம்மையாரை வேறிடத்திற்கு மாற்றினார்கள்! அருந்ததிய மக்களும் மற்றவர்களும் கிளர்ச்சி செய்த பிறகுதான் அந்த மாறுதல் ரத்தாயிற்று. எதிர்த்தவர்கள் மீது வன்கொடுமைச் சட்டத்தின்படி வழக்கும் போடப்பட்டது. எதிர்த்தவர்கள் பார்ப்பனர்களா? அல்ல. 1918ல் எந்த ஜாதிகளைப் பார்ப்பான் சூத்திரன் என்று தள்ளி வைத்தானோ அந்த ஜாதிகள்தான்.

2022 டிசம்பரில் ஈரோடு ஜில்லா பெருந்துறைப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில், ஆதிதிராவிடப் பிள்ளைகளைக் கக்கூசு கழுவ வைத்ததாகத் தலைமை உபாத்தியாயினி கைது செய்யப்பட்டார். 2025 ஏப்ரலில் கோயமுத்தூர் ஜில்லாவில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் எட்டாவது படிக்கும் ஒரு பெண் குழந்தையை, பூப்பெய்திவிட்டது என்பதற்காக வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்கார வைத்துப் பரீக்ஷை எழுதச் செய்தார்கள். விஞ்ஞானப் பாடத்தில் உடம்பைப் பற்றிப் பக்கம் பக்கமாய்ச் சொல்லிக் கொடுக்கிற இடத்தில், தீட்டு என்று ஒரு குழந்தையை வாசலில் வைக்கிற காரியம் நடந்திருக்கிறது. பாடம் புஸ்தகத்தில் இருந்தது. படித்தவர்கள் புத்தி பாட்டி காலத்தில் இருந்தது.

இதிலிருந்து நமக்கு ஏற்படுகிற அபிப்பிராயம் என்னவென்றால், பிள்ளைகள் புஸ்தகத்தைப் படிப்பதைவிட உபாத்தியாயரைத்தான் அதிகமாகப் படிக்கிறார்கள் என்பதேயாகும். “தீண்டாமை ஒரு பாவச் செயல்” என்று நம் பாடப் புஸ்தகங்களில் அச்சடித்திருக்கிறது. அதைப் படிக்கச் சொன்ன வாத்தியார், அருந்ததியப் பெண் சமைத்த சோற்றைப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டால், அச்சடித்தது உண்மை என்று பையன் நம்புவான். வாத்தியார் வீட்டிலிருந்து தனியாக டிபன் கொண்டுவந்து கதவைச் சாத்திக் கொண்டு சாப்பிட்டால், அச்சடித்தது பரீக்ஷைக்கு என்றும், நடப்பது வேறு என்றும் பையன் தெரிந்து கொள்ளுகிறான். பத்து உபாத்தியாயர்கள் சேர்ந்து ஒரு நாள் அந்தப் பந்தியில் உட்காரட்டும். ஊர்ச் சண்டை பாதி அன்றைக்கே அடங்கிவிடும்.

இனி, எதற்காக இந்த வேலைக்கு வருகிறார்கள் என்பதைப் பார்ப்போம். வயிற்றுக்காக வருகிறார்கள் என்றால் அதில் ஒரு குற்றமும் இல்லை. வேலை செய்து கூலி வாங்குவதுதான் மனிதத் தன்மை. “உபாத்தியாயர் வேலை புனிதமான தொண்டு” என்று சொல்லுகிறவர்களைத்தான் நாம் சந்தேகிக்கிறோம். பெண்களைத் தெய்வம் என்று சொல்லி அடுப்படியில் பூட்டியது போலவே, உபாத்தியாயரைக் குரு என்று சொல்லிக் கூலியைக் குறைக்கிறார்கள். 2012ல் நம் மாகாண சர்க்கார் சித்திரம், தையல், தேகப் பயிற்சி, கம்ப்யூட்டர் ஆகியவற்றுக்கு 16,549 பகுதி நேர உபாத்தியாயர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தது. படித்துப் பட்டம் பெற்ற அவர்கள் அந்தச் சம்பளத்தை வைத்துக் கொண்டு குடித்தனம் நடத்த முடியாமல், நிரந்தரம் கேட்டு வருஷக் கணக்கில் தெருவில் உட்கார்ந்தார்கள். சம்பளம் கொடுக்காத இடத்தில் ஊக்கத்தைத் தேடுவது, தீனி போடாத மாட்டில் பால் கறக்கப் பார்ப்பதாகும்.

தனியார் பள்ளிக்கூடங்களின் கதையோ இன்னும் மோசம். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, பெருந்துறை என்று நம் நாட்டில் விடுதியோடு சேர்ந்த பெரிய பள்ளிக்கூடங்கள் பெருகின. கோழிப் பண்ணைக்குப் பெயர் போன சீமையில் இவற்றிற்கு ‘பிராய்லர் பள்ளிக்கூடம்’ என்று ஜனங்களே பெயர் வைத்தது வேடிக்கையல்ல. மார்க்குக்காகப் பதினொன்றாவது பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருஷமும் பன்னிரண்டாவதையே நெட்டுருப் போடச் செய்ததால்தான், 2017-18ல் பதினொன்றாவதுக்கும் பொதுப் பரீக்ஷை வைக்க நேர்ந்தது. 2025ல் அது கைவிடப்பட்டது. இப்படிப்பட்ட இடத்தில் உபாத்தியாயர் என்பவர் யார்? காலை முதல் இரவு வரை தீனி போடுகிற கூலியாள். அநேக இடங்களில் ஒரு தொகைக்குக் கையெழுத்து, வேறொரு தொகை கையில். அசல் சர்டிபிகேட்டை முதலாளியின் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால், வேறு இடம் போகவும் வழியில்லை. பெண்கள் இந்த வேலையில் அதிகமாக இருப்பதற்கும் காரணம் இதுதான். “பொம்பளைப் புள்ளைக்கு ஏத்த வேலைங்க, சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோறாக்கிப் போடலாமுங்க” என்று பெற்றோரும் மாமியாரும் சேர்ந்து அனுப்புகிறார்கள். அந்த அம்மையாரின் விருப்பத்தைக் கேட்டவர் யார்? தனக்கே சுதந்திரமில்லாத ஒருவர் நாற்பது குழந்தைகளுக்குச் சுதந்திர புத்தி எப்படிக் கற்பிப்பார்?

மற்றொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். நல்ல சம்பளம் வாங்குகிற சர்க்கார் உபாத்தியாயர்களில் சிலர், பள்ளிக்கூடத்தை ஒரு பக்கத் தொழிலாகவும், வட்டிக்கு விடுவதையும், சீட்டுப் பிடிப்பதையும், மனை வியாபாரத்தையும் பிரதானத் தொழிலாகவும் வைத்திருக்கிறார்கள். “எங்கூர் வாத்தியாருங்களா? நல்ல மனுசருங்க, அவசரத்துக்கு ரண்டு வட்டிக்குக் குடுப்பாருங்க” என்று குடியானவன் சொல்லும்போது, அது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்று நமக்கு விளங்குவதில்லை. தன்னுடைய பிள்ளையைத் தனியார் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பிவிட்டு, ஊரான் பிள்ளைகள் இருக்கிற பள்ளிக்கூடத்தில் சம்பளம் வாங்குகிற உபாத்தியாயர், தான் சொல்லிக் கொடுப்பதில் தனக்கே நம்பிக்கையில்லை என்று விளம்பரம் செய்கிறார் என்றுதானே அர்த்தம்? இது எல்லோருக்கும் பொருந்தாது. பொருந்துகிறவர்கள் கோபித்துக் கொள்ளட்டும்.

உபாத்தியாயர் மாத்திரமா பள்ளிக்கூடம்? காலையில் கூட்டுகிறவர், கக்கூசு கழுவுகிறவர், மணி அடிக்கிறவர், இரவில் காவல் காக்கிறவர், சோறாக்குகிறவர், கச்சேரி குமாஸ்தா எல்லாருஞ் சேர்ந்ததுதான் பள்ளிக்கூடம். நம் கொங்கு நாட்டில் இவர்களில் துடைப்பம் பிடிக்கிறவர் எந்த ஜாதி, சாவிக்கொத்து வைத்திருக்கிறவர் எந்த ஜாதி என்று கேட்டுப் பார்க்க வேண்டியதேயில்லை, பார்த்தாலே தெரியும். பையனுக்கும் தெரிகிறது. மனு எழுதிவைத்த அட்டவணையைப் புஸ்தகம் இல்லாமலே அவன் தினம் கண்ணால் படிக்கிறான். துப்புரவு செய்கிற அம்மாவை ‘வாங்க’ என்று அழைக்கிற ஹெட்மாஸ்டர் இருக்கிற பள்ளிக்கூடம், நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டுகிற பள்ளிக்கூடத்தைவிட உயர்ந்தது என்பது நமது அபிப்பிராயம்.

பரிகாரம் என்ன? பரீக்ஷை வைத்துப் பொறுக்கி எடுக்கிறோமே என்று சர்க்கார் சொல்லும். 2012 ஜூலையில் வைத்த ஆசிரியர் தகுதிப் பரீக்ஷையில் ஆறரை லக்ஷம் பேருக்கு மேல் எழுதித் தேறியவர்கள் 2,448 பேர். வேலையிலிருக்கிற உபாத்தியாயர்களும் இரண்டு வருஷத்திற்குள் அந்தப் பரீக்ஷையில் தேற வேண்டும், ஓய்வு பெற ஐந்து வருஷத்திற்கும் குறைவாக உள்ளவர்களுக்கு மட்டும் விலக்கு என்று 2025 செப்டம்பர் 1ல் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. பாடம் தெரிந்திருக்க வேண்டியது அவசியந்தான். ஆனால் 150 கேள்விகளில் எந்தக் கேள்வி, சேரிப் பிள்ளையின் நோட்டுப் புஸ்தகத்தைக் கையால் வாங்கித் திருத்துவானா, மேஜைமேல் வைக்கச் சொல்லுவானா என்று கண்டுபிடிக்கிறது?

இதைக் கேட்க வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். 2023 ஆகஸ்டில் நாங்குனேரியில் ஓர் ஆதிதிராவிட மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு, சர்க்கார் நியமித்த ஜஸ்டிஸ் சந்துரு கமிட்டி 2024 ஜூன் 18ல் அறிக்கை கொடுத்தது. பள்ளிக்கூடங்களின் பெயரிலுள்ள ஜாதியை எடுக்க வேண்டும். ஹைஸ்கூல், ஹையர் செகண்டரி உபாத்தியாயர்களைக் காலக்கிரமப்படி மாற்ற வேண்டும். ஒரு பிரதேசத்தில் எந்த ஜாதி ஆதிக்கமாயிருக்கிறதோ அந்த ஜாதியாரை அங்கே தலைமை உபாத்தியாயராகவும் கல்வி அதிகாரியாகவும் போடக்கூடாது. வேலைக்கு எடுக்கும்போதே சமூக நீதியைப் பற்றி அவர் மனப்பான்மை என்ன என்று பார்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் சிபாரிசு செய்யப்பட்டிருக்கிறது. கையில் கட்டுகிற கயிற்றைப் பற்றியும் நெற்றிக் குறியைப் பற்றியும் அதில் இருந்ததைப் பிடித்துக் கொண்டு கூச்சல் போட்டவர்கள், உபாத்தியாயர்களைப் பற்றிய இந்தப் பாகத்தை மெதுவாக விட்டுவிட்டார்கள்.

“ஜாதியைக் கேட்டு ஊர் மாற்றுவது யோக்கியமான உபாத்தியாயரை அவமானப்படுத்துவதல்லவா?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு ஜட்ஜு தன் மைத்துனன் வழக்கைத் தானே விசாரிப்பதில்லை. அதனால் அவர் அயோக்கியர் என்றா அர்த்தம்? வழக்காடுகிற இரண்டு பேருக்கும் நம்பிக்கை வேண்டும் என்றுதான் அர்த்தம். ஊர்க் கவுண்டர் பங்காளியாகவும் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டராகவும் ஒருவரே இருந்தால், அடிபட்ட சேரிப் பையன் எந்தக் கதவைத் தட்டுவான்? ஊர் மாற்றினால் ஜாதி புத்தி மாறிவிடும் என்று நாமும் சொல்லவில்லை. சொந்தக்காரர் பலம் கூட வராது என்றுதான் சொல்லுகிறோம். மீதிக்கு வேறு வேலை செய்ய வேண்டும்.

முதலாவது, இன்னும் நாற்காலிக்கு வராதவர்களை வரவழைக்க வேண்டும். அருந்ததியருக்கு 2009ல் உள் ஒதுக்கீடாக நூற்றுக்கு மூன்று கிடைத்தது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. ஆனால் தனியார் பள்ளிக்கூட வேலையில் அந்தச் சட்டத்திற்கு நுழைவில்லை. இரண்டாவது, எந்தப் பள்ளிக்கூடமானாலும் சம்பளம் முழுவதும் பாங்குக் கணக்கில் போட வேண்டும். சர்டிபிகேட்டைப் பிடித்து வைப்பது குற்றமாக நடத்தப்பட வேண்டும். மூன்றாவது, நம்முடைய வேலை. பள்ளி மேலாண்மைக் குழு என்று சட்டத்தில் இருக்கிறது. அதில் பெற்றோர்களுக்கு இடமிருக்கிறது. அங்கே போய் மார்க்கை மாத்திரம் கேட்டுவிட்டு வராதீர்கள். பந்தியில் யார் யார் சேர்ந்து உட்காருகிறார்கள், கக்கூசு யார் கழுவுகிறார், தண்ணீர்ப் பானைக்கு எத்தனை டம்ளர் இருக்கிறது, மாதவிடாய் நாளில் பெண் குழந்தை எங்கே உட்காருகிறது என்று கேளுங்கள். நல்ல உபாத்தியாயர் இந்தக் கேள்விகளுக்காகச் சந்தோஷப்படுவார். ஊரில் தனக்குத் துணை இருக்கிறதென்று அவருக்கு அன்றைக்குத்தான் தைரியம் வரும். கோபித்துக் கொள்ளுகிறவர் யார் என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.

தோழர்களே! உபாத்தியாயரைக் கும்பிடவும் வேண்டாம்; தூஷிக்கவும் வேண்டாம். கூலியைச் சரியாகக் கொடுத்து, வேலையைச் சரியாகக் கேட்டு, மனிதருக்கு மனிதர் பேசுவது போல் பேசுங்கள். கட்டை விரலைக் கேட்காத உபாத்தியாயர் ஒருவர் கிடைத்தால், அவர் எந்த ஜாதியில் பிறந்தவரானாலும் அவர் நம்மவர்.